பல்வலியைப் பொறுத்துக்கொள்வது பொறுமையா?



 

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். மிம்பரில் ஏறி நின்று பல்லைப் பற்றியா பேசுவது? ஆனால் மார்க்கச் சட்ட நூல் எதையாவது எடுத்துப் பாருங்கள். தொழுகையைப் பற்றிய பாடத்துக்கு முன்பே தூய்மையின் பாடம் வந்துவிடும். அதற்குள் மிஸ்வாக் வந்துவிடும். நம் முன்னோர் வாயைக் கடந்துதான் தொழுகைக்குள் நுழைந்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். நம் வீட்டில் ஒருவருக்குப் பல்வலி. இரவெல்லாம் தூக்கமில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரிடம் போகலாமா என்றால், "இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? அல்லாஹ் கொடுத்த வலி, பொறுத்துக்கிறேன்" என்கிறார். நாமும், "என்ன பொறுமை!" என்று மெச்சிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இது உண்மையிலேயே பொறுமைதானா? அல்லாஹ் கூலி தருவதாகச் சொல்லும் அந்த ஸப்ர் இதுதானா?

இல்லை என்று அவசரமாகச் சொல்லிவிட முடியாது. எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. வலிப்பு நோய் இருந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்காக துஆச் செய்யும்படி கேட்டார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், வேண்டுமானால் குணமாக துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். வலிப்பு வரும்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யச் சொன்னார். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மருத்துவம் செய்துகொள்வது கட்டாயக் கடமை அல்ல என்று முற்கால அறிஞர்கள் பலர் கூறியதற்கு இதுவும் ஓர் ஆதாரம். ஆகவே நோயைப் பொறுத்துக்கொள்கிறவரை ஏளனமாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்மணியின் நோய்க்கு அன்றைய மனிதர் கையில் மருந்து எதுவும் இருக்கவில்லை. அவர் எதையும் தள்ளிப்போடவில்லை, எதையும் அலட்சியப்படுத்தவில்லை. நம் பல்வலி அப்படிப்பட்டதா? காலில் முள் குத்தியிருக்கிறது. முள் கண்ணுக்குத் தெரிகிறது. பிடுங்க ஆளும் பக்கத்தில் இருக்கிறார். "பொறுத்துக்கிறேன்" என்று முள்ளோடு நடந்தால் அதற்கு என்ன பெயர்? பெரும்பாலான பல்வலி இந்த வகைதான். காரணம் தெரியும், சிகிச்சையும் தெரியும், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பலன் ஏறக்குறைய உறுதி, விட்டால் கேடு வரும் என்ற நிலையில் மருத்துவம் செய்துகொள்வது கடமையாகிவிடும் என்று அறிஞர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

பொறுமை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அய்யூப் (அலை). அவர்களுடைய வரலாற்றின் முடிவு எப்படி அமைந்தது? காலால் தரையை உதைக்கும்படி அல்லாஹ் சொன்னான். குளிர்ந்த நீர் வெளிப்பட்டது. அதில் குளிக்கவும் பருகவும் சொல்லப்பட்டது. ஸாத் அத்தியாயத்தில் இதைக் காணலாம். பொறுமையின் சிகரமாக இருந்தவர் நிவாரணம் எதிரே வந்தபோது, "வேண்டாம், இன்னும் பொறுக்கிறேன்" என்று சொல்லவில்லை. காலை உதைத்தார்கள், குளித்தார்கள், பருகினார்கள். உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் முன்பக்கப் பல் உடைந்தது, முகத்தில் காயம்பட்டது. அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை என்றதும் பாய்த் துண்டு ஒன்றை எரித்து அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள். அன்று கையில் இருந்த மருத்துவம் அதுதான். அதை உடனே, அந்த இடத்திலேயே செய்தார்கள்.

பல் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே வலி உண்மையை முழுதாகச் சொல்வதில்லை. நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பல்லின் மேல் உறையை எனாமல் என்கிறார்கள். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதில் நரம்பும் இல்லை, உயிரணுவும் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. இந்தக் கட்டத்தில் வலியே இருக்காது. தொடக்கத்தில் வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது, ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு ஒழுங்காகத் துலக்கினால் மறுபடியும் கெட்டிப்பட வாய்ப்பு உண்டு. குழி விழுந்துவிட்டால் பிறகு அது தானாக மூடாது. தோலில் பட்ட காயம் ஆறும். பல்லில் விழுந்த குழி ஆறாது. எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்குக்குப் போனதும் குளிர்ந்த தண்ணீர் கூசும், இனிப்பு கூசும். அந்த நேரத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நாம் அப்போது போவதில்லை. அந்தப் பக்கம் மெல்லுவதை விட்டுவிட்டு மறுபக்கம் மெல்லப் பழகிக்கொள்கிறோம்.

பிறகு சொத்தை பல்லின் நடுவில் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட பகுதியைத் தொடுகிறது. அப்போதுதான் இரவில் படுத்ததும் துடிக்கும் அந்த வலி வருகிறது. சிலர் கிராம்புத் தைலம் வைக்கிறார்கள். சிலர் மாத்திரையைப் பொடி செய்து ஈறில் அப்பி, ஈறைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சிலர் புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். பல்வலிக்கு என்று வாயில் போன புகையிலை, வலி போன பிறகும் வாயை விட்டுப் போகாமல் இருப்பதை நம் ஊர்களில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம்! புகையிலை மட்டும்தான் கெடுதல் என்றும் எண்ண வேண்டாம். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. விருந்துச் சோறு முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டுகிறோமே, அந்தப் பாக்கைத்தான் சொல்கிறேன்.

ஒரு வாரம் துடித்த பல் திடீரென்று ஒருநாள் அமைதியாகிவிடும். "அல்ஹம்துலில்லாஹ், சரியாகிவிட்டது" என்கிறோம். அது சரியாகவில்லை, சகோதரர்களே. உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆள் இல்லாததால் வலி நின்றுவிட்டது. கிருமி வேரின் நுனிவரை இறங்கிச் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில் கன்னம் வீங்கி நிற்கும். அப்போதும் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கி நாலு மாத்திரை விழுங்குவோம், வீக்கம் வடியும், பல் அப்படியே இருக்கும். இந்தச் சீழ் தாடைக்கு அடியில், கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழலையே நெருக்கிவிடும். பல்லில் தொடங்கிய நோயால் உயிர் போனவர்கள் உண்டு. தாடைக்கு அடியில் வீக்கம், வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் என்றால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

பாவம் செய்யும்போது உள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது, தவ்பா செய்யாமல் விட்டால் அது பெருகி உள்ளத்தையே மூடிவிடுகிறது என்ற கருத்தில் வரும் நபிமொழி நமக்குத் தெரியும். முதல் பாவத்தில் உறுத்தல் இருக்கும். பிறகு உறுத்தல் நின்றுவிடும். உறுத்தல் நின்றதை யாரும் குணம் என்று சொல்ல மாட்டோம் அல்லவா? இதற்குமேல் இந்த உவமையை நீட்ட நான் விரும்பவில்லை. ஏனென்றால் பல் சொத்தை பாவம் அல்ல. சொத்தைப் பல்லோடு இருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மார்க்கத்தின் பெயரால் இன்னும் ஒரு காரணம் கொடுத்துவிடக் கூடாது.

வேர் சிகிச்சை என்றால் நம்மவர்களுக்கு ஒரு பயம். "ரூட் கெனால்" என்ற பெயரைக் கேட்டாலே பல்லைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். அதில் செய்வது இவ்வளவுதான்: மரத்துப்போக ஊசி போட்டு, பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைத்து, மேலே ஒரு கேப் போட்டுவிடுவார்கள். கேப் போடாமல் பாதியில் விட்டால் அந்தப் பல் உடைந்துபோக வாய்ப்பு அதிகம். செலவைக் குறைக்க நாம் விட்டுவிடுவதும் அந்தக் கேப்பைத்தான்! மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பேச்சும் ஊரில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஈறு நோய் இதைவிட அமைதியானது. துலக்கும்போது இரத்தம் வந்தால் பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைத் துலக்காமல் விடுகிறோம். அந்த இடத்தைத்தான் இதமாக, நன்றாகத் துலக்க வேண்டும். ஈறோரம் படியும் அழுக்கு நாளடைவில் காரையாக இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷுக்கும், எந்த மிஸ்வாக்குக்கும் அது அசையாது. டாக்டர்தான் கருவியால் எடுக்க வேண்டும். "க்ளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஈறும் எலும்பும் கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும், ஏற்கெனவே பிடிமானம் இழந்த பல் ஆடுவது நமக்குத் தெரிகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் கடினமாகும். புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தம்கூட அவ்வளவாக வராது, அதனால் நோய் இருப்பதே தெரியாமல் போகும்.

"என் பல், என் வலி, நான் பொறுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். வாய் அப்படி ஒரு தனிச் சொத்து அல்ல. பூண்டும் வெங்காயமும் சாப்பிட்ட வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஹலாலான உணவுதான். ஆனாலும் ஸஃபில் தோளோடு தோள் நிற்பவருக்கும் ஓர் உரிமை இருக்கிறது, மலக்குகளுக்கும் இருக்கிறது. நபியவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்தது என்ன என்று கேட்கப்பட்டபோது, பல் துலக்குவது என்று ஆயிஷா (ரலி) சொன்னார்கள். வெளியில் கண்ணியமாக வாசனை பூசிக்கொண்டு நடந்துவிட்டு, வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியை இரண்டு முறை யோசிக்க வேண்டும். மனைவி வாய் திறந்து சொல்ல மாட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் "பொறுத்துக்கிறேன்" என்று சொல்பவர்கள் யார்? வாப்பாவுக்குப் பல்வலி வந்தால் அன்று மாலையே டாக்டர். மகனுக்கு வந்தால் லீவு போட்டுவிட்டு டாக்டர். உம்மாவுக்கு வந்தால்? "ரமளான் போகட்டும்", "மகள் கல்யாணம் முடியட்டும்", "மருமகள் பிரசவம் முடியட்டும்." ஒவ்வொரு பிள்ளையைச் சுமந்தபோதும் அவருக்கு ஈறு வீங்கியிருக்கும், இரத்தம் வந்திருக்கும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் அது பலருக்கு வரும், கவனித்தால் சரியாகும். கவனிக்கவில்லை. "பிள்ளை பல்லைத் தின்னுட்டான்" என்று ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிட்டோம். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குப் பாதிப் பல் இல்லை. கறியை ஊறவைத்து, பிய்த்து, கடைசியில் அதையும் விட்டுவிட்டு, ரசம் சோறு போதும் என்கிறார். அதையும் நாம் "உம்மாவுக்கு ஆசையே கிடையாது" என்று புகழ்கிறோம்.

இங்கேதான் கேள்வி தலைகீழாகிறது. தன் வலியைத் தானே பொறுத்துக்கொள்வது ஒருவேளை பொறுமையாக இருக்கலாம், அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. இன்னொருவரின் வலியை நாம் பொறுத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் பொறுமையாகாது. அவர் பொறுமைசாலி என்று நாம் சொல்லும்போது பல நேரங்களில் நம் பணத்தையும் நேரத்தையும்தான் காப்பாற்றிக்கொள்கிறோம். கல்யாணத்தில் ஒரு வேளை பிரியாணிக்குக் கூட்டிய ஐம்பது பேரைக் குறைத்திருந்தால் அவருக்குப் பல்செட் வந்திருக்கும். கேட்காதவரின் உரிமை உரிமை இல்லாமல் போய்விடுமா?

பிள்ளைகளின் பல்லும் கேட்காதவர்களின் உரிமைதான். "விழப்போகிற பல்தானே" என்று பால்பல் சொத்தையை விடுகிறோம். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கும். அதுவரை குழந்தை எதை வைத்து மெல்லும்? அந்தப் பற்கள் முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, நிலைத்த பல்லுக்கு இடமில்லாமல் போகும். இன்னொன்று: ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அவை ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பற்கள். இரவில் பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்கவைப்பதை நிறுத்துங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு பேஸ்ட், அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். இரவு படுக்கும்முன் நீங்களே துலக்கிவிடுங்கள்.

மிஸ்வாக்கா, பிரஷா என்று ஒரு சர்ச்சை ஓய்வதே இல்லை. சமூகத்துக்குச் சிரமமாகிவிடும் என்று இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். கடைசி வேளையில் பேச முடியாத நிலையிலும் மிஸ்வாக்கை நோக்கியே அவர்களின் பார்வை போனது. ஆயிஷா (ரலி) அதை மென்று பக்குவப்படுத்திக் கொடுத்தார்கள். அராக் குச்சி, அதாவது நம் கடற்கரைப் பகுதிகளிலும் வளரும் உகா மரத்தின் குச்சி, பல்லைச் சுத்தம் செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டைப் பையில் ஆறு மாதம் கிடந்து நார் காய்ந்த குச்சியை, தக்பீர் கட்டுமுன் இரண்டு தேய் தேய்த்துவிட்டு சுன்னத் முடிந்தது என்று நினைப்பது சரிதானா? சுன்னத்தின் நோக்கம் வாய் தூய்மையாவது. தொழுகைக்கு மிஸ்வாக் செய்யுங்கள். இரவு படுக்கும்முன்னும் காலையிலும் மென்மையான பிரஷால் ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி அல்ல. செங்கல் தூளும் கரியும் வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும்.

ரமளானில் ஒரு விசித்திரம் நடக்கிறது. ஷாஃபி மத்ஹபில் நோன்பாளி நண்பகலுக்குப் பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பதைக் கேட்டுவிட்டு, சிலர் முப்பது நாளும் பல் துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள். நோன்பு திறந்ததிலிருந்து கஞ்சி, வடை, சர்பத், தராவீஹ் முடிந்து டீ, பிறகு ஸஹர் என்று இரவெல்லாம் வாயில் ஏதாவது போய்க்கொண்டே இருக்கிறது. அதிகமாகத் துலக்க வேண்டிய மாதம் அது. ஸஹர் முடிந்ததும் துலக்கிவிட்டு நிய்யத் வையுங்கள். அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிடச் சிறந்த நோன்பாளியின் வாய் வாடை என்பது வயிறு காலியாக இருப்பதால் வருவது என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். நேற்றைய வடைத் துணுக்குக்கு அந்தச் சிறப்பு கிடையாது! ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி உணவல்ல என்பதால் நோன்பை முறிக்காது என்று இன்றைய அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இரத்தத்தையோ தண்ணீரையோ விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காத்திருக்க முடியும் என்றால் இரவில் செய்துகொள்ளலாம். வலி தாங்க முடியாத அளவு என்றால் நோயாளிக்கு உள்ள சலுகை உங்களுக்கும் உண்டு.

கிளிப் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அழகுக்காகப் பற்களுக்கு இடையே அராவி இடைவெளி உண்டாக்குவதை நபியவர்கள் கண்டித்தார்கள். மெல்ல முடியாத, துலக்க முடியாத, பிறர் கேலி செய்யும் அளவு கோணலான பல்லைச் சீராக்குவது அதில் சேராது. அது குறையை நீக்குவது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு வாடை எடுத்தபோது, தங்கத்தில் மூக்கு செய்துகொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். தேவை ஏற்பட்டால் தங்கத்தால் பல் கட்டுவது ஆணுக்கும் ஆகும் என்று அறிஞர்கள் எடுத்த சட்டம் இதிலிருந்து வந்தது. ஆனால் நல்ல பல்லை அராவிவிட்டு சினிமாக்காரர் பல்லைப் போல ஓடு ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். அடைத்த பல்லோடும் கேப் போட்ட பல்லோடும் குளிப்பு நிறைவேறுமா என்று ஹனஃபி சகோதரர்கள் சந்தேகப்பட வேண்டாம். கழற்ற முடியாதபடி பொருத்தியது பல்லின் இடத்தில் இருப்பதாகவே கருதப்படும். கழற்றக்கூடிய பல்செட்டைக் கழற்றிவிட்டு வாய் கொப்பளியுங்கள்.

பல் டாக்டர்களான சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் நான்கு பல்லில் சொத்தை என்றால் நான்கு, ஏழு என்றால் ஏழு. அந்த நாற்காலியில் அவர் உங்களிடம் ஒப்படைப்பது ஓர் அமானிதம். எக்ஸ்ரேயைக் காட்டி, எது அவசரம், எது பொறுக்கும் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

செலவு பெரிய தடை என்பது உண்மை. சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் பார்க்கிறார்கள், நேரம்தான் கூடுதலாகும். ஜகாத் பெறத் தகுதியான ஏழைக்குச் சிகிச்சைச் செலவுக்காக ஜகாத் பணத்தைக் கையில் கொடுப்பதும் கூடும். நம் ஜமாஅத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தியிருக்கிறோம், பல்லுக்கு இன்னும் நடத்தவில்லை. இரண்டு பல் டாக்டர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்கு மதரஸா மாடியில் தனி இடம், பெண் டாக்டர் பார்ப்பார். பெயரைத் தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் கொடுங்கள். உம்மாவின் பெயரை அவரிடம் கேட்காமலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.